பிரிக்காத பெட்டிகள்

நாற்பதாவது பெட்டியும் விற்றுப்போன வெள்ளிக்கிழமையிலிருந்து தினகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, வாரிய தலையையே மறுபடி மறுபடி வாரிக்கொண்டிருந்தார். போவது என்னவோ ஊரப்பாக்கத்தில் சித்தப்பா மகள் சுபத்ரா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு. தடபுடலைப் பார்த்தால் இவருக்கே இரண்டாம் கல்யாணமோ என்று சந்தேகம் வரும்.

"இருக்கிறதே நாலு முடி. அதையும் வாரி வாரிக் கொட்டிடாதீங்க" என்றாள் ஹேமாவதி.

"இன்னிக்கு நான் முதலாளியாவப் போறேன் ஹேமா. முதலாளி தலை கலைஞ்சிருக்கலாமா?"

ஹேமாவதி சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் பயமாக இருந்தது.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அவளால் இடியாப்பம் பிழிய முடியவில்லை. திருமுடிவாக்கத்தில் ஏகநாதனின் பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் அச்சுகள் செய்கிறவர் தினகரன். மனைவி ஒரு நாள் பிழிகட்டையைப் பிடித்துக்கொண்டு வலியில் பல்லைக் கடித்ததைப் பார்த்துவிட்டு, மிச்சத் தகடுகளை வைத்து ஒரு மெஷின் செய்துகொண்டு வந்தார். சமையல் மேடை விளிம்பில் மாட்டி, ஒரு பிடியை இழுத்து இறக்கினால் போதும், கைக்கு வலியே இல்லை. அதற்கு 'ஹேமா' என்று பெயரும் வைத்தார். பெண்டாட்டி பெயரை இடியாப்ப மெஷினுக்கு வைத்த மனிதர் தாம்பரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதை ஆன்லைனில் விற்கலாம் என்று அவர் கிளம்பியபோது குறுக்கே நின்றவள் மகள் ஓவியா. ஆன்லைன் வியாபாரிகளுக்குக் கணக்கு வழக்குப் பார்த்துத் தரும் கம்பெனியில் வேலை அவளுக்கு. எந்தப் பொருள் ஓடும், எது குடோனில் தூங்கும் என்று சொல்வதற்குத்தான் சம்பளம்.

"அப்பா, பொருள் நல்லா இருக்கான்றது ஒரு கேள்வி. ஆன்லைன்ல விக்கலாமான்றது வேற கேள்வி" என்றாள் அவள்.

முதலில் பெட்டியை அளந்தாள். பிடி நீளமாக இருந்ததால் பெட்டி பெரிதானது. பெட்டி பெரிதானால் லாபத்தைக் கூரியர்காரனே தின்றுவிடுவான் என்றாள். தினகரன் பிடியை ஒரு சாண் குறைத்தார், வீட்டு மெஷினிலும். அடுத்து ஒரு கண்டிப்பான நிபந்தனை போட்டாள். நாற்பது பெட்டி மட்டும் செய்து விற்றுப் பார்ப்போம். சொந்தக்காரர்கள் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது.

"நம்மள யாருன்னே தெரியாதவங்க வாங்கணும். வாங்கி, திருப்பி அனுப்பாம வெச்சுக்கணும். அப்பதான்பா வியாபாரம். இல்லன்னா மொய்."

தினகரன் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். இரண்டு மாதம் ஆகுமுன்பே நாற்பதும் போய்விட்டது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஓவியாவே புருவத்தை உயர்த்தினாள்.

ஆக, இன்றைய திட்டம் இதுதான். கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டுவிட்டு தினகரன் நேரே திருமுடிவாக்கம் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப் பார்க்க வரும் ஏகநாதனிடம் வேலையை விடுவதாகச் சொல்வார். பக்கத்துத் தெருவில் காலியாகக் கிடக்கும் ஷெட்டை மாலையில் முன்பணம் கொடுத்து எடுப்பார்.

ஹேமாவதி பயந்தது இதற்குத்தான். ஐந்து வருடத்துக்கு முன்பும் ஒரு தடவை இதே வேலையை விட்டுவிட்டு, ஒரு நண்பரோடு சேர்ந்து இரும்பு கேட் செய்யும் தொழிலில் இறங்கி மண்ணைக் கவ்வினார் தினகரன். அதன்பிறகு எட்டு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கண்ணில் ஆள் இருக்காது. அவருடைய அக்கா சாமுண்டீஸ்வரிதான் சேலையூரிலிருந்து தினமும் தூக்குச்சட்டியோடு வந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். கடைசியில் அவளே ஏகநாதனிடம் போய் அழுது, தம்பியை மறுபடி வேலையில் சேர்த்துவிட்டாள். ஏகநாதன் ஒரு தடவை மன்னித்ததே பெரிது. இன்னொரு தடவை அந்தக் கதவு திறக்காது.

"கேளு ஹேமா, புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க" என்று கைப்பேசியை நீட்டினார் தினகரன். வாங்கியவர்கள் எழுதும் கருத்துகள் அவருக்கு இப்போது சுப்ரபாதம். "'மல்லிகைப்பூ மாதிரி இடியாப்பம்.' அஞ்சு நட்சத்திரம். 'என் மாமியாரே பாராட்டினார்.' அஞ்சு நட்சத்திரம்!"

"மூணு நட்சத்திரம் ஒண்ணு இருக்கே, அதையும் படிங்கப்பா" என்றாள் ஓவியா, காதில் ஜிமிக்கி மாட்டிக்கொண்டே.

"அது யாரோ ஞானசௌந்தரியாம். நாகர்கோவில். 'அழுத்தும்போது மாவு மேல் பக்கம் பிதுங்குகிறது. பிடி இன்னும் நீளமாக இருக்கலாம். மற்றபடி பரவாயில்லை.' சும்மா பொறாமைம்மா. போட்டிக் கடைக்காரன் ஆள் வெச்சு எழுதுவான்."

"பதிலாவது போடுங்க."

"நான் எதுக்குப் போடணும்? முப்பது பேர் நல்லா இருக்குன்றாங்க. இவங்க ஒருத்தருக்கு மட்டும் பிதுங்குதாம்!"

ஹேமாவதி துணியை எடுத்துக்கொண்டு சமையல் மேடையைத் துடைக்கப் போனாள். மேடை சுத்தமாகத்தான் இருந்தது.

* * *

சுபத்ரா வீடு பெயின்ட் வாசனையும் ஹோமப் புகையும் கலந்து மணந்தது. பந்தி முடிந்து, ஆண்கள் ஹாலில் வெற்றிலையோடு சாய்ந்துவிட்டார்கள். பெண்கள் படுக்கையறையில் கூடினார்கள். வந்த பரிசுகளைச் சுடச்சுடப் பிரித்துப் பார்க்காவிட்டால் சுபத்ராவுக்குச் சாப்பாடு செரிக்காது.

சுவர்க் கடிகாரம் வந்தது. பிள்ளையார் படம் வந்தது. மறுபடி சுவர்க் கடிகாரம். ஹேமாவதி கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழை எல்லாரும் கையில் வாங்கி எடை பார்த்தார்கள். தினகரனுக்கு மெஷினையே பரிசாகக் கொடுக்க ஆசைதான், கொடுக்க ஒன்றுகூட மிச்சமில்லை.

அடுத்த காகிதத்தைக் கிழித்த சுபத்ரா "ஐ! ஹேமா அண்ணி!" என்று கத்தினாள்.

பழுப்பு அட்டைப்பெட்டி. பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'ஹேமா'. ஹேமாவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு வீட்டுப் பரிசுக் குவியலில் தன் பெயரைப் பார்ப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. யாரோ கைதட்டினார்கள். சத்தம் கேட்டு தினகரன் எட்டிப் பார்த்தார்.

"யார் குடுத்தது?"

"மறைமலைநகர் பெரியம்மாண்ணா."

"பாத்தியா ஹேமா!" என்றார் தினகரன். "நாம ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பெரியம்மா வரைக்கும் தானா போயிருக்கு. பரிசா குடுக்கிற அளவுக்குப் பேர் வந்துருச்சு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கிளம்பறேன். ஏகநாதன் சார் காத்துக்கிட்டு இருப்பார். நீங்க மெதுவா வாங்க."

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், சுபத்ரா அடுத்த காகிதத்தைக் கிழித்தாள்.

'ஹேமா.'

"அட, இன்னொண்ணு!" என்று சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது வந்தது. சிரிப்பு பாதியாகக் குறைந்தது. நான்காவது வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்தாவதைக் கையில் எடுத்த சுபத்ரா கனத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள்.

கதவருகில் சாமுண்டீஸ்வரி நின்றிருந்தாள். அரக்குப் பட்டு, மூக்குத்தி, பந்தியை மேய்த்த களைப்பு. "போதும்டி, மிச்சத்த அப்பால பிரி. எல்லாரும் வந்து காபி குடிங்க" என்றாள்.

பெண்கள் விட்டால் போதும் என்று எழுந்து போனார்கள்.

சுபத்ரா மட்டும் மடியில் பெட்டியோடு இருந்தாள். ஹேமாவதியும் எழவில்லை. நான்கு பெட்டிகளையும் வரிசையாக வைத்து, மூடி ஒட்டிய இடத்தை விரலால் தடவினாள். நாற்பதையும் தன் கையால் ஒட்டியவள் அவள். ஒவ்வொன்றிலும் டேப் முடிகிற இடத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருந்தாள். கறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று ஓவியா அப்போது கிண்டல்கூடச் செய்தாள். டேப்பைக் கிழித்தால் அந்தப் பொட்டும் கிழிய வேண்டும்.

நான்கு பொட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. வாங்கியவர்கள் ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் சொந்தத்துக்குள்ளேயே கைமாற்றியிருக்கிறார்கள்.

"சுபத்ரா, எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. உண்மையைச் சொல்லு. நீயும் ஒண்ணு வாங்குனியா?"

சுபத்ரா புதுப் புடவையின் கொசுவத்தை நீவினாள். "வாங்குனேன் அண்ணி. பழைய வீட்டுப் பரண்ல இருக்கு. சாமுண்டி அக்கா வாங்கச் சொன்னாங்க. இன்னா எழுதணும்னும் அவங்களே வாட்ஸ்அப்ல அனுப்புனாங்க. மாமியார் பாராட்டினாங்கன்னு எழுதுடின்னாங்க, எழுதிட்டேன்."

காலையில் கணவர் நெக்குருகிப் படித்த வரி அது.

* * *

மொட்டை மாடியில் சமையல்காரர்கள் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். சாமுண்டீஸ்வரி தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஹேமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"அண்ணி, எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

சாமுண்டீஸ்வரி மழுப்பவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. "இருபது பேரு இருக்கும். அவங்க யார் யார்கிட்ட சொன்னாங்களோ, எனக்கு இன்னா தெரியும்?"

"உங்களுக்கு யார் சொன்னது இந்த விஷயத்தை?"

"எந்தம்பிதான் சொன்னான். வேற யாரு சொல்லுவா?"

சத்தியம் செய்த வாய் முதலில் போய்ச் சொன்னதே அக்காவிடம்தானா!

"மொத வாரம் ரெண்டே ரெண்டுதான் வித்துச்சாமே. போன்ல அவன் குரலு கம்மிப்போச்சு ஹேமா. அந்தக் குரல நான் மறுபடி கேக்கமாட்டேன். கேக்கவும் முடியாது. அந்த எட்டு மாசம் நீ அழுவ, நான் அழுவ, அவன் மட்டும் அழல. செவுத்தையே பாத்துகினு குந்தியிருந்தான். மறந்துட்டியா?"

"மறக்கலை அண்ணி."

"அதான் கொஞ்சம் தள்ளிவுட்டேன். நின்ன வண்டிய நாலு பேரு தள்ளுனா அப்பால தானா ஓடும்ல?"

"இது ஓடுற வண்டியா, ஓடாத வண்டியான்னு பாக்கத்தானே அண்ணி அவ்வளவு பாடுபட்டோம்! நீங்க எல்லாரும் சேர்ந்து தள்ளுனா எப்படித் தெரியும்? இருபதா, முப்பதா, முப்பத்தொன்பதா, எதுவுமே தெரியலையே இப்ப!" ஹேமாவதியின் குரல் அவளுக்கே தெரியாமல் ஏறியது. "உங்க தம்பி எங்க போயிருக்கார் தெரியுமா? வேலையை விடப் போயிருக்கார். இன்னிக்கு. இப்ப."

முந்தானை விசிறல் நின்றது.

"இன்னிக்கேவா? நாள் பாத்து விடுவான்னு நெனச்சேன்..." சாமுண்டீஸ்வரி தொட்டித் திட்டில் உட்கார்ந்தாள். மூன்று தாலுகா உறவையும் விரலில் ஆட்டி வைக்கிறவள், இப்போது அந்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து நீட்டினாள். "சொல்லாத ஹேமா. உங்காலப் புடிச்சிக் கேக்கறேன், அவன்கிட்ட சொல்லிடாத. மொத்தமா ஒடஞ்சிருவான். இன்னும் நூறு செய்யட்டும். நான் எப்டியாவது வித்துத் தரேன்."

கோபப்படலாம் என்றுதான் ஹேமாவதி மாடியேறி வந்தாள். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. இந்தப் பெண் கொண்டுவந்த தூக்குச்சட்டிச் சோற்றை அவளும் சாப்பிட்டிருக்கிறாள். அண்ணியின் பாசம் பொய்யில்லை, அந்தப் பாசம்தான் இப்போது தன் புருஷனைக் கிணற்றடிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையாக வந்தது.

தினகரனைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார்.

கீழே இறங்கிப் பரிசுக் குவியலிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "எடுத்துக்கினு போங்க அண்ணி" என்று சுபத்ரா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். வாசலில் ஓவியா யாருடனோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஓவியா, வண்டியை எடு. திருமுடிவாக்கம் போகணும்."

* * *

வண்டலூர் தாண்டி அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறும் வரை ஓவியா, அம்மா சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு காற்றைத் தாண்டிக் கத்தினாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா! நாற்பதுல ஒண்ணுகூட ரிட்டர்ன் வரலை. அப்படி எந்தப் பொருளும் கிடையாது. நல்ல பொருளுக்கும் நாலு திரும்பி வரும். சந்தோஷத்துல நானே கண்ண மூடிட்டேன்."

"அப்பாகிட்ட எப்படிடி சொல்றது?"

"சொல்லித்தான் ஆகணும். ஆனா ஒண்ணு, பொருள் மோசம்னு இப்பவும் நமக்குத் தெரியாதும்மா. பிரிச்சுப் பாத்திருந்தாத்தானே?"

ஹேமாவதி மடியில் இருந்த பெட்டியை இறுக்கிக்கொண்டாள். மகள் சொன்னது சமாதானமாகத்தான் இருந்தது. ஆனால் பிரித்துப் பார்த்த ஒருத்தி தாம்பரத்தில் இருக்கிறாளே. தினமும் அதில் பிழிகிறாளே. அந்த நினைப்பு முள்ளாக உறுத்தியது.

ஞாயிறு என்பதால் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை வாயை மூடிக் கிடந்தது. எப்போதும் நிலம் அதிர இடிக்கும் பிரஸ் மெஷின்களின் சத்தம் இல்லை. பக்கத்துத் தெருவில், காவலாளி திறந்துவிட்ட ஷெட்டுக்குள் தினகரன் தனியாக நின்று, சுவருக்குச் சுவர் நடந்து அளந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்க வா ஹேமா. இந்த மூலையில பிரஸ். அங்க ஜன்னல் பக்கம் பேக்கிங் மேடை, உனக்கு. காத்து நல்லா வரும்."

"ஏகநாதன் சாரைப் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு, சொல்லியாச்சு. சரி தினகரன், நாளைக்கு வந்து சாவியைக் குடுத்துடுன்னார். கை குடுத்தார் ஹேமா. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஷெட்டுக்காரர் ஆறு மணிக்கு வரார்."

ஹேமாவதிக்கு, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஜன்னல் பக்கம் மேடை, காற்று நல்லா வரும். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

பிறகு சொன்னாள். நான்கு பெட்டியையும், மஞ்சள் பொட்டையும், அண்ணியையும், ஒன்று விடாமல் சொன்னாள்.

தினகரன் முதலில் சிரித்தார். "அக்கா நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கும். அதுக்குன்னு எல்லாமா?"

"அப்பா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றாள் ஓவியா.

"சொந்தக்காரங்ககிட்ட சொல்லக் கூடாதுன்ன. அக்கா எப்படிம்மா சொந்தக்காரங்க ஆவாங்க?"

ஓவியா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவர் கைப்பேசியை எடுத்தார். "மல்லிகைப்பூ மாதிரின்னு போட்டாங்களே, இது யாரு?"

"தெரியலைங்க."

"மாமியாரே பாராட்டினாருன்னு?"

"சுபத்ரா" என்றாள் ஹேமாவதி.

"சுபத்ராவா?" அவர் நிமிர்ந்தார். "அவ மாமியார் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சே. நான்தானே முன்னாடி நின்னு தூக்குனேன்."

ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. தினகரன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். காலையில் மனப்பாடமாக ஒப்பித்த வரிகளை இப்போது சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தார். அவர் கண் மெல்ல மெல்ல எங்கோ விலகிப் போவதை ஹேமாவதி பார்த்தாள். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். எட்டு மாதம் அதோடு குடித்தனம் செய்திருக்கிறாள். அண்ணி சொன்னது சரியாகிவிடுமோ என்று அவள் பயந்தாள்.

"என்னங்க, அந்த ஞானசௌந்தரியைப் படிங்க."

"அது எதுக்கு இப்ப?"

"அவங்க நமக்குச் சொந்தம் இல்லை. நாகர்கோவில்ல நமக்கு யாருங்க இருக்கா? அவங்க பெட்டியைப் பிரிச்சிருக்காங்க. மாவு போட்டுப் பிழிஞ்சிருக்காங்க. எது சரியில்லன்னு உக்காந்து எழுதியிருக்காங்க. படிங்க."

தினகரன் படித்தார். பிடி நீளம். மேல் பக்கம் பிதுங்கல். மற்றபடி பரவாயில்லை. படித்துவிட்டு மனைவியை நேராகப் பார்த்தார்.

"உனக்குப் பிதுங்குதா ஹேமா?"

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்! இத்தனை நாளும் அதைத்தானே வாயைத் திறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமுண்டீஸ்வரி அண்ணி இருபது பேரிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கினாள் என்றால், முதல் ஐந்து நட்சத்திரம் இவள் போட்டது.

"பிதுங்குதுங்க" என்றாள். "பழைய நீளப் பிடியில பிதுங்கலை. நீங்க பிடியைக் குறைச்ச நாள்லேர்ந்து தினம் பிதுங்குது. கூரியர் செலவு குறைஞ்சுதுன்னு நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. சொல்ல மனசு வரலை. மேடையைத் துடைச்சிட்டுத்தான் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவேன்."

ஓவியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தினகரன் கையை நீட்டினார். "அந்தப் பெட்டியைக் குடு."

சட்டைப் பையிலிருந்த சாவியால் டேப்பைக் கிழித்தார். மஞ்சள் பொட்டு இரண்டாகப் பிளந்தது. மெஷினை எடுத்து ஜன்னல் திட்டில் மாட்டித் திருகினார். மாவில்லாமல் வெறுமனே பிடியை இழுத்து இறக்கினார். குனிந்து, கண்ணைத் திட்டுக்குச் சமமாக வைத்துக்கொண்டு இன்னொரு தடவை இறக்கினார். வேறு யாரோ செய்த பொருளைப் பார்ப்பது போல முகம் இறுகியிருந்தது. ஆனால் கண்ணில் ஆள் இருந்தது.

"சாயுது" என்றார். "பிடி குட்டையானதும் அழுத்துற கட்டை நேரா இறங்கல. ஒரு பக்கமா சாய்ஞ்சு இறங்குது. அந்த இடுக்குல மாவு ஏறத்தான் செய்யும்."

"சரி பண்ண முடியுமாப்பா?" என்றாள் ஓவியா.

"பிடியை நீட்டணும். நீட்டினா பெட்டி பெருசாவும். பெட்டி பெருசானா..." ஷெட்டின் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. ஷெட்டுக்காரராக இருக்குமோ என்று ஹேமாவதி எட்டிப் பார்த்தாள். திரையில் 'அக்கா' என்று இருந்தது.

தினகரன் அந்தப் பெயரைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து எடுப்பார், குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்து எடுப்பார், அந்த எட்டு மாதத்தில்கூட இந்த ஒரு அழைப்பை மட்டும் எடுத்தார். கைப்பேசியை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, தினகரன் மறுபடி குனிந்து பிடியை இறக்கினார்.

அக்கா கூப்பிட்டு அவர் எடுக்காமல் விட்டதை, கல்யாணம் ஆன நாளிலிருந்து ஹேமாவதி இன்றுதான் பார்க்கிறாள்.